இல்லை என்று நான் நிரப்பிய படிவம்

அன்புள்ள அண்ணா,

இது அம்மாவோ அப்பாவோ எழுதியிருக்க வேண்டிய கடிதம். பெற்றவர்கள் பிள்ளைக்கு எழுதுவதுபோல உனக்கு நிதானமாக ஒரு கடிதம் எழுதச் சொல்லி உன் பல்கலைக்கழகத்து மாணவர் துணை மையத்து மேடம் சொன்னார். சொன்னது என்னிடம்தான். ஆனால் அம்மாவிடம் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இப்போது அடுப்படியில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் படுத்துவிட்டார்கள். யாராவது எழுந்து வந்தால் நோட்டைத் திருப்பிப்போட்டு, முன்பக்கத்தில் சமன்பாடு எழுதுவதுபோலக் காட்டிக்கொள்ளலாம். பயமாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, அம்மாவின் போனிலிருந்து உனக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுவேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் பாதி உனக்கு எட்டாது, மீதியை எட்டாததுபோல நீ நடிப்பாய். எழுத்தில் அதற்கு வழியில்லை.

வியாழக்கிழமை நீ கூப்பிட்டுச் சொன்னதை மூன்று நாளாக மனதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். "புதன்கிழமை திருச்செங்கோட்டுல இருந்து போர்வெல் ரிக் வண்டி கெளம்புது. நானும் போறேன். ராஜஸ்தான் பக்கம். படிப்பெல்லாம் போதும். அப்பாகிட்ட சொன்னீன்னா இனி ஊட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்றாய். நான் சரி என்றேன். நீ போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று புரிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டால் பரீட்சை என்கிறேன். பரீட்சை முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது என்பது அம்மாவுக்குத் தெரியாது.

நேற்றுக் காலை அம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை எடுக்கப் போகும்போது போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போய்விட்டாள். அப்பா வெங்காயத்துக்கு மருந்தடிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"வணக்கம்மா, பல்கலைக்கழகத்து மாணவர் துணை மையத்துலருந்து பேசறேன். பையனோட அம்மாங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

தங்கச்சி என்று சொன்னால் அப்பாவின் எண்ணைக் கேட்பார் என்ற பயம். பொய் ஒரு நொடியில் வந்துவிட்டது, அதற்குப் பிறகு திரும்ப முடியவில்லை.

"குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருக்கேம்மா."

"சளி புடிச்சிருக்குதுங்க."

சளி பிடித்தால் குரல் கட்டிக்கொள்ளும், வயது குறையாது. அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் நேரே விஷயத்துக்கு வந்தார். நீ ஐந்து வாரமாக வகுப்புக்குப் போகவில்லையாம். ஹாஸ்டலில் இருக்கிறாயாம், மெஸ்ஸில் சாப்பிடுகிறாயாம், வகுப்பு வாசலை மட்டும் மிதிப்பதில்லையாம். வருகைப் பதிவு அந்த அளவுக்குக் குறைந்தால் மையத்துக்குத் தகவல் வருமாம். உன்னை இரண்டு முறை கூப்பிட்டு அனுப்பியும் நீ போகவில்லையாம். "ஊர்ல ஏதாவது பிரச்சினைங்களா?" என்று கேட்டார். ஒண்ணுமில்லீங்க என்றேன். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

"நம்ம பையனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை அண்ணா. நம் வீட்டில் யார் கேட்டாலும் சொல்கிற பதில், அதுவாக வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் மேடம் லேசாகச் சிரித்தார். கேலியாக அல்ல. "எல்லா வீட்லயும் முதல்ல இதைத்தாம்மா சொல்றாங்க. நான் குறை என்னன்னு கேக்கல. அவன் உக்காந்து படிக்க என்ன வேணும்னு கேக்கறேன்" என்றார்.

என்ன வேண்டும் என்று வெளியாள் ஒருவர் உன்னைப் பற்றிக் கேட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். "அவனுக்கு வலது காது கேக்காதுங்க. சின்ன வயசுல இருந்தேங்க. எங்க ஊட்டைத் தவிர யாருக்கும் தெரியாதுங்க." சொல்லி முடித்ததும் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் கணினியில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. "இது எங்க படிவத்துல இல்லையேம்மா. சேரும்போதே கேட்டிருக்கமே, எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருக்கே" என்றார்.

எனக்குத் தெரியும். அதை நிரப்பியவள் நான்தான்.

உனக்கு நினைவிருக்கும், மோகனூர் பிரவுசிங் சென்டர். நான் எட்டாவது முடித்திருந்தேன். எனக்குத் தட்டச்சு வேகமாக வரும் என்பதால் கடைக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். நம் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நான்தானே நிரப்புவேன். மாணவரைப் பற்றிய பக்கம் முடிந்ததும் இன்னொரு பக்கம் திறந்தது. பார்வை, செவி, பேச்சு, எழுதும் வேகம், ஆங்கிலத்தில் கூடுதல் பயிற்சி, மனநல ஆலோசனை, குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்பதுகூட. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை. அப்பா பின்னால் நின்றுகொண்டு, "எல்லாத்துக்கும் இல்லைன்னே போடு சாமி" என்றார். கடைக்காரர் நல்ல மனிதர். "ஏனுங்க, ஆமான்னு போட்டா ஏதாவது சலுகை கெடைக்குமுங்க. மொதல் பட்டதாரிக்காச்சும் போடுங்க" என்றார். "நமக்கெதுக்குங்க சலுகை? நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போற எடத்துல, பையன் காலேசுல என்னமோ எழுதிக் குடுத்திருக்கானாமேன்னு ஒரு வார்த்தை வந்துதுன்னா? ஒண்ணுக்கு ஆமான்னா அதைப் புடிச்சுட்டு ஒம்பது கேப்பாங்க" என்றார் அப்பா. நீ அப்பாவுக்கு இடப்பக்கம் நின்றிருந்தாய். அவர் பேசியதெல்லாம் உன் வலது காதுப் பக்கம். உனக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மவுஸ் என் கையில் இருந்தது. செவி என்ற இடத்தில் ஒரு நொடி நின்றேன். அப்பாவின் கண்ணாடி வீட்டில் இருந்தது, நான் எதை அழுத்தினாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் இல்லை என்றுதான் அழுத்தினேன். அப்பா சொன்னதால் மட்டும் அல்ல. ஆம் என்று அழுத்தினால் நீ வேறு யாரோ ஆகிவிடுவாய் என்று தோன்றியது. அதுவரை நான் காப்பாற்றிவைத்த ஒன்றை நானே போட்டு உடைப்பதுபோல இருந்தது.

ஏனென்றால் அதுதானே நம் வீட்டில் என் வேலை. நான் நடக்கப் பழகியதிலிருந்தே அம்மா என்னை உன் வலப்பக்கம் நிற்கப் பழக்கியிருக்கிறாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும், கோயில் நோம்பிக்குப் போனாலும் நான் உன் வலப்பக்கம்தான். அப்படி நின்றால் மற்றவர்கள் தானாக உன் இடப்பக்கம் வந்துவிடுவார்கள். பந்தியில் நீ வரிசையின் வலக்கோடியில். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உன் சட்டையை ஒரு தடவை இழுப்பேன், கேள்வி என்றால் இரண்டு தடவை. நீ உடனே திரும்பிச் சிரிப்பாய். "பையன் அமைதியான பையன்" என்று ஒரம்பரை சொந்தமெல்லாம் சொல்லும். அம்மா முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வரும், அதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய வேலையைச் செய்வதாக நினைத்துக்கொள்வேன். நாம் மறைத்துவைத்த அழகில், உனக்கு என்ன தேவை என்பதை ஒருவரும் தெரிந்துகொள்ள முடியாமல் போயிற்று. கோயமுத்தூருக்கு உன்னை அனுப்பியபோது பெட்டியில் நெய் முறுக்கு வைத்தோம், போர்வை வைத்தோம். உன் வலப்பக்கத்துக்கு யாரையும் வைக்கவில்லை. அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இன்று சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். நான் ஆறாவது படித்தபோது சைக்கிளுக்காக நாம் சண்டை போட்டோம். நீ சைக்கிளைக் கொடுக்கவில்லை. நான் உன் வலப்பக்கம் வந்து, உன் காதுக்குப் பக்கத்தில், "செவிட்டுப் பயலே" என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, கத்தவும் இல்லை. மெதுவாக, அனுபவித்துச் சொன்னேன். நீ என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, நான் ஏதோ சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாய். பிறகு சைக்கிளையும் கொடுத்துவிட்டாய். அன்று சாயங்காலம் வரை ஓட்டினேன். மன்னித்துவிடு என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அது ரொம்பச் சுலபமாக இருக்கிறது.

உன் வகுப்புப் பையன்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை மேடம் எனக்கு விவரமாகச் சொன்னார். முதல் இரண்டு வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்த பையன் வேகமாக எழுதுவானாம், நீ அவன் நோட்டைப் பார்த்து எழுதிச் சமாளித்திருக்கிறாய். இந்த வருடம் வகுப்பைப் பிரித்தபோது அவன் வேறு பிரிவுக்குப் போய்விட்டான். வாத்தியார் பேசிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்புவாராம், லேபில் மிஷின் ஓடுகிற சத்தமாம். பிறகு அந்த வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உன் வலப்பக்கம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டாராம். நீ முகத்தைக்கூடத் திருப்பாமல் நின்றாயாம். "பதில் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லக்கூட மரியாதை இல்லையா?" என்று அவர் எழுந்து நின்று கேட்டாராம். அது மட்டும் உனக்குக் கேட்டிருக்கும். துறையில் உன் பேர் பக்கத்தில் திமிர் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். "எனக்கே அந்த வார்த்தை சொல்லித்தாம்மா ஃபைல் வந்துது. நான் திமிர்ன்னுதான் நெனச்சேன். உங்ககிட்ட சண்டை போடலாம்னுதான் போன் பண்ணேன்" என்றார் மேடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சளி என்று சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று, மூக்கை உறிஞ்சியதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கவனமாகப் படி. காதைச் சோதிக்க மையமே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கும். அந்தச் சீட்டு வந்துவிட்டால் வகுப்பில் எங்கே உட்காருவது என்பதை நீ சொல்லலாம், வரிசை எண்படி உட்காரச் சொல்ல முடியாது. பாடக் குறிப்பை எழுதித் தருவதற்கு உன் வகுப்பிலேயே ஒரு மாணவனை நியமிப்பார்கள், அவனுக்கும் அது சேவையில் சேரும். வைவாவில் கேள்வியைத் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை உண்டு. உரிமை என்றுதான் சொன்னார், சலுகை என்று சொல்லவில்லை. நான் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். போன ஐந்து வாரத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை ஒரு குழு கூடுகிறது. காரணத்தோடு நீயும் பெற்றவர்களில் ஒருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால், வருகையைத் தளர்த்திப் பரீட்சை எழுத விடலாம். வராவிட்டால் இந்த வருடம் போய்விடும். பேசுவதற்கு ஒரு ஆலோசகரும் இருக்கிறாராம். நீ பள்ளிக்கூடத்தில் பார்த்தது போன்றது அல்ல அது. அந்த ஹாஸ்டல் பள்ளியில் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டால் அடி, அடுத்த நாள் அப்பாவை வரச்சொல்லி அவர் முன்னால் இன்னொரு அடி. மார்க் வாங்கவைப்பதற்கு அதுதான் வழி என்று நம் ஊரில் எல்லோருமே நம்பினோம், நானும் நம்பினேன். மையத்திலிருந்து இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டு அனுப்பியபோது நீ ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் மேடத்திடம் சொன்னேன். "நாமக்கல் பக்கத்துப் பசங்க பாதிப் பேர் எங்க கதவுக்கு வெளிய வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடறாங்கம்மா. உள்ள வந்தா அடிப்போம்னு நெனைக்கறாங்க போல" என்றார். அவர் அறையில் டீ கொடுப்பார்களாம். அதையும் உனக்குச் சொல்லச் சொன்னார்.

நான் யோசித்துப் பார்த்தேன் அண்ணா. அப்பா கேட்கத் தெரியாதவர் அல்ல. வாய்க்காலில் நம் முறைக்குத் தண்ணீர் அரைமணி நேரம் பிந்தினால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கேட்பார். சொட்டு நீருக்கு மானியம் என்றதும் வேளாண்மை ஆபீசுக்கு ஆறு நடை நடந்தார். மாடு தீனி எடுக்காவிட்டால் டாக்டரை வீட்டுக்கே வரச்சொல்கிறார், மாட்டின் வியாதியை வரி விடாமல் சொல்கிறார். வெங்காயப் பயிரில் நுனி கருகினால் அந்தச் செடியைப் பிடுங்கிக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறார். அதிலெல்லாம் அவருக்கு வெட்கம் கிடையாது. பிள்ளை விஷயத்தில் மட்டும்தான் ஒரு குறையும் இல்லீங்க. இதை அவர்மேல் கோபமாக எழுதவில்லை. பயிருக்குக் கேட்டால் விவசாயி என்பார்கள், பிள்ளைக்குக் கேட்டால் என்ன சொல்வார்களோ என்று பயம். அவருக்கும் என்னைப் போலப் பயம்தான், குரல் மட்டும் பெரிது.

ரிக்குக்குப் போவதைப் பற்றி இனி. உன்னைக் கூட்டிப் போகிறவர் நம் ரிக் மாமாதானே? அவர் நல்லவர்தான். ஆனால் அவரைப் பார்த்துமா உனக்குத் தோன்றவில்லை? பதினைந்து வருடம் ரிக்கின் கம்ப்ரஸர் சத்தத்தில் நின்றவர். அவர் வீட்டில் டிவி ஓடினால் நம் வீட்டில் வசனம் கேட்கிறது. போன வருடம் எழவு வீட்டில் அவர் நம் அத்தையிடம் ரகசியம் என்று நினைத்துச் சொன்னாரே, "சோத்துல உப்பே இல்ல புள்ள" என்று, ஒப்பாரி வைத்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் நானும் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தோம். அவருக்கு இரண்டு காதும் நன்றாக இருந்துதான் அந்த வேலைக்குப் போனார். நீ ஒரே ஒரு காதோடு போகிறாய். அந்தச் சத்தத்தில் நின்றால் யாரும் யாரையும் எதையும் கேட்கமாட்டார்கள், எல்லாம் கைஜாடைதான், அங்கே நீயும் மற்றவர்களும் ஒன்று என்று நினைத்திருப்பாய். எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு வருடம் கழித்து நீ ஊருக்கு வரும்போது, நான் எந்தப் பக்கம் நின்றும் பிரயோஜனம் இருக்காது.

எனக்கும் இதில் சுயநலம் உண்டு. நீ படிப்பை விட்டால், "ஒருத்தனை அனுப்பிப் பட்டது போதும்" என்று அப்பா சொல்வார். பிளஸ் டூ முடித்ததும் என்னை மோகனூரைத் தாண்ட விடமாட்டார். அதற்காகவும்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்காக மட்டும் என்றால் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கமாட்டேன்.

உனக்கு நான் புத்தி சொல்ல எனக்கு வயசில்லை. ஆனாலும் நேற்று அம்மாவாகப் பதினான்கு நிமிடம் இருந்த உரிமையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு அந்த மையத்துக்கு நீயாகப் போ. உள்ளே போய் உட்கார். எனக்கு இந்தக் காது கேட்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்கள் என்று சொல். ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், இரண்டாவது தடவை இவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. கையெழுத்துக்கு யார் வருவது என்பதுதான் எனக்கு இன்னும்

அண்ணா, மேலே உள்ள வரி பாதியில் நிற்பதற்குக் காரணம் அம்மா. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் என் தலைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். நான் நோட்டைத் திருப்பிப் போட்டேன். "ஏஞ்சாமி, கெமிஸ்ட்ரில அண்ணான்னு எல்லாம் வருமா?" என்றாள். அவள் நோட்டை வாங்கிக் கீழே உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தாள். எட்டாவது வரை படித்தவள், நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பாள். நான் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். சளி என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் அவள் உதட்டில் சிரிப்பு வந்து போனது. "நேத்து யாரு பதினாலு நிமிசம் பேசுனதுன்னு போன்ல பாத்துட்டு ரோசனை பண்ணீட்டேதான் இருந்தேன். நான் எடுத்திருந்தா, அவங்கப்பா வந்ததும் கூப்புடச் சொல்றனுங்கன்னு வெச்சிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்" என்றாள்.

படிவம் பற்றி நான் எழுதிய பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்கப்பா மேல எழுதிப்போட்டிருக்கறயே. அதுக்கு முந்தின நாள் அவரு என்னையத்தான் கேட்டாரு. காதைப் பத்திக் கேட்டா என்ன போடறதுன்னு. இல்லைன்னே போட்டுருங்கன்னு சொன்னது நான்" என்றாள்.

ஏம்மா என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

"அவனுக்கு ஆறு வயசு. காதுல சீழ் புடிச்சு அழுதுட்டே இருந்தான். பூண்டைத் தட்டிப்போட்டு எண்ணெ காச்சினேன். அன்னிக்குப் பண்ணையில லோடு ஏத்தற நாளு, போயாகோணும். ஆறிருச்சான்னு வெரல் வெச்சுப் பாக்கல. ஊத்தினதும் வீல்னு கத்துனான். மூணு நாள் கழிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீழாலதான் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எண்ணெ ஊத்துனதை நான் அவருகிட்டச் சொல்லவே இல்ல. உங்கப்பாகிட்டயும் சொல்லல. யாராச்சும் அவன் காதைப் பத்திப் பேச்செடுத்தா, எப்ப இருந்துன்னு கேப்பாங்க, எதனாலன்னு கேப்பாங்க. அதுக்குப் பயந்துட்டுத்தான் உன்னையக் கொண்டுபோய் அவன் பக்கத்துல நிறுத்துனேன். கண்ணாலத்துக்குன்னு உங்கப்பா நெனச்சுட்டு இருக்கறாரு. கண்ணாலத்துக்கில்ல சாமி. எனக்காக."

எண்ணெயினாலா சீழினாலா என்று இப்போது யாருக்கும் தெரியாதே அம்மா என்றேன். "தெரியாதுதான். அந்த மையத்து அம்மாகிட்டயே கேட்டுப்போடறேன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவை என் கையில் கொடுத்து, எழுது என்றாள். இனி வருவதெல்லாம் அம்மா உனக்குச் சொல்வது.

"சாமி, செவ்வாக்கெழமை வெடியால மொதல் பஸ்ஸுக்கு வாரேன். காலைல எந்திரிச்சதும் அப்பாகிட்டச் சொல்லுவேன். எண்ணெச் சமாச்சாரத்தையும் சேத்தித்தான் சொல்லுவேன். சத்தம் போடுவாரு, போடட்டும். அப்பறம் அவரும் கெளம்பி வருவாருன்னுதான் நெனைக்கறேன், வரலீன்னாலும் நான் வாரேன். நீ ரிக்குக்குப் போறதுன்னா புதன்கெழமைதான போறே? செவ்வாக்கெழமை எனக்கு வேணும். அத்தாப்பெரிய காலேசுல எந்த வாசல்ல நொழையறதுன்னு எனக்குத் தெரியாது. அந்த அம்மாகிட்ட என்ன சொல்லி ஆரம்பிக்கறதுன்னும் தெரியாது. இத்தனை வருசத்துல உனக்காக நான் ஒருத்தருகிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல, எப்படிக் கேக்கறதுன்னு பழகல. எங்கூட உள்ள வந்து உக்காரு. நான் பேசறப்பத் தெக்கித் தெணறுனா நீ எடுத்துச் சொல்லு. பஸ் ஸ்டேண்டுல நிப்பேன் சாமி. வந்து என்னையக் கூட்டிட்டுப் போ."